விளையாட்டுக் கேள்வி-பதில்: 18 இன்னிங்ஸ், ஒரே ஒரு ரன்

போன இதழில் ஒரு கிரிக்கெட் கேள்விக்குப் பதில் எழுதும்போது, 2022-இல் சியாட்டிலில் ஒரு பேஸ்பால் ஆட்டம் 17 இன்னிங்ஸ் வரை 0-0 என்றே போய், 18-ஆவது இன்னிங்ஸில் ஒரு ஹோம்ரனில் முடிந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சரி, இந்த வாரம் கிரிக்கெட்டுக்கு லீவு.

கே: அந்த ஆட்டத்தில் என்னதான் நடந்தது சார்? ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்களே, முழுசா சொல்லுங்க. (நாகர்கோவில் வாசகர்)

ப: 2022 அக்டோபர் 15, சனிக்கிழமை. சியாட்டில் மரினர்ஸ் அணியும் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியும் மோதிய பிளே-ஆஃப் தொடரின் மூன்றாவது ஆட்டம். ஐந்தில் மூன்று ஜெயித்தால் அடுத்த சுற்று. ஆஸ்ட்ரோஸ் ஏற்கெனவே இரண்டை ஜெயித்துவிட்டது. அதாவது மரினர்ஸுக்கு வாழ்வா சாவா.

இதில் சியாட்டில்காரர்களின் நிலைமையைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். அந்த ஊர் அணி 2001-இல் ஒரே சீசனில் 116 ஆட்டம் ஜெயித்தது. அந்த ஆண்டு பிளே-ஆஃபில் ஆடியதுதான், அதற்கப்புறம் 21 வருஷம் பிளே-ஆஃப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. 2001-இல் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குப் போன பையன், தன் பையனைக் கூட்டிக்கொண்டு வருகிற வயசுக்கு வந்துவிட்டான். அப்படிக் காத்திருந்த ஊரில், சொந்த மைதானத்தில் நடக்கும் முதல் பிளே-ஆஃப் ஆட்டம் இது. அரங்கில் 47,000 பேருக்கு மேல்.

விதி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணியும் மாறி மாறி பேட் செய்யும், மூன்று பேர் அவுட் ஆனால் பக்கம் மாறும். இப்படி 9 இன்னிங்ஸ். சமநிலையில் இருந்தால் யாராவது முந்தும்வரை ஆட்டம் நீளும். பேட்டர் நான்கு பேஸ்களையும், அதாவது மைதானத்தில் குறித்து வைத்த நான்கு மூலைகளையும், சுற்றி வந்தால்தான் ஒரு ரன். அடித்துவிட்டுப் பத்திரமாக ஒரு பேஸை எட்டினால் அது ஹிட். வேலிக்கு வெளியே அடித்துவிட்டால் ஹோம்ரன், ஜாலியாக நடந்தே சுற்றி வரலாம்.

சியாட்டில் தரப்பில் முதலில் பந்து வீசியவர் ஜார்ஜ் கிர்பி, அந்த வருஷம்தான் அறிமுகமான புதுப் பையன். 7 இன்னிங்ஸ் வீசினார், ரன் கொடுக்கவில்லை. எதிர்ப்பக்கம் லான்ஸ் மெக்கல்லர்ஸ், 6 இன்னிங்ஸில் இரண்டே ஹிட். அவரும் ரன் கொடுக்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு அணியும் பிட்சர்களை, அதாவது பந்து வீசுகிறவர்களை, மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 9-ஆவது இன்னிங்ஸ் முடிந்தது, 0-0. 12 முடிந்தது, 0-0. ஆஸ்ட்ரோஸ் கடைசியாக லூயிஸ் கார்சியாவைக் கொண்டுவந்தது. வழக்கமாக ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிற பிட்சர் அவர், அன்றைக்குக் கடைசிக் காவலாள் வேலை. 14-ஆவதிலிருந்து 18-ஆவது வரை ஐந்து இன்னிங்ஸ், ரன்னே இல்லை. மற்ற எந்த நாளிலும் அதுவே ஒரு முழு ஆட்டத்தின் கதையாக இருந்திருக்கும்.

18-ஆவதின் முதல் பாதி. பேட் செய்ய வந்தவர் ஆஸ்ட்ரோஸ் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) ஜெரமி பேன்யா, அவரும் அந்த வருஷத்துப் புதுமுகம்தான். வீசியவர் பென் மர்ஃபி, அவரும் புதுமுகமே. பேன்யா அடித்த பந்து வேலியைத் தாண்டிப் போனது. 1-0. சியாட்டிலுக்கு இன்னும் ஒரு பாதி பாக்கி இருந்தது, ஆனால் கார்சியா விடவில்லை. 6 மணி 22 நிமிடம். அங்கே மதியம் தொடங்கிய ஆட்டம், நமக்கு நள்ளிரவு தாண்டி ஆரம்பித்து ஞாயிற்றுக்கிழமை காலைக் காபி நேரத்தில் முடிந்தது.

பிளே-ஆஃப் வரலாற்றில் இவ்வளவு நேரம் 0-0 என்று நின்ற ஆட்டம் வேறு இல்லை. பேன்யா அந்த வருஷம் வேர்ல்டு சீரிஸின், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரின், சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார். பேட்டர் ஒருவர் தன் முதல் சீசனிலேயே அதை வாங்கியது அதுதான் முதல் தடவை.

கே: ஆறு மணி நேரம் ரன்னே இல்லாமல் ஒரு ஆட்டம் என்றால் அதை எவன் உட்கார்ந்து பார்ப்பான்? (திருப்பூர் வாசகர்)

ப: நான் பார்ப்பேன். நீங்களும் பார்ப்பீர்கள், டெஸ்ட் மேட்சில் கடைசி விக்கெட் ஜோடி கட்டை போட்டு டிரா செய்ததை நகம் கடித்துக்கொண்டு பார்த்தவர்தானே?

0-0 என்று இருக்கும்போது சும்மா ஒருவன் முதல் பேஸில் போய் நின்றாலே அரங்கம் எழுந்து நிற்கும். 9-2 என்று போகிற ஆட்டத்தில் அதே ஆள் அதே இடத்தில் நின்றால் யாரும் பாப்கார்னிலிருந்து தலையைத் தூக்க மாட்டார்கள். பிட்சருக்கும் பேட்டருக்கும் நடுவே 18.44 மீட்டர், மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பந்து சுமார் 0.4 விநாடியில் வந்து சேர்ந்துவிடும். அதற்குள் அது நேராக வருகிறதா, கடைசி நொடியில் கீழே விழுகிறதா, வெளியே ஓடுகிறதா என்று முடிவு செய்து மட்டையைச் சுழற்ற வேண்டும். சுழற்றித் தவறவிட்டாலோ, நல்ல பந்தை அடிக்காமல் விட்டாலோ ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் ஸ்ட்ரைக்அவுட். சியாட்டிலில் அன்றைக்கு இரண்டு அணியும் சேர்த்து 42 ஸ்ட்ரைக்அவுட். பிளே-ஆஃபில் அதற்குமுன் அப்படி ஒரு எண்ணிக்கையே கிடையாது. 42 தடவை ஒருவன் மட்டையோடு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி நடந்திருக்கிறான் என்று நினைத்துப் பாருங்கள், இதில் ஒன்றும் நடக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

என்னைக் கேட்டால் 11-9 என்று முடிகிற ஆட்டம்தான் கொட்டாவி. ஐ.பி.எல்.லில் இரண்டு பக்கமும் 220 அடித்தால் எந்த சிக்ஸரும் நினைவில் நிற்பதில்லை, அந்த மாதிரி. இதற்குக் கோபமாகப் பதில் எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதலாம்.

கே: இந்த மாதிரி இழுத்துக்கொண்டு போகிற ஆட்டங்கள் ஹோம்ரனில்தான் முடிகின்றன என்று ஒரு யூடியூப் வீடியோவில் கேட்டேன். உண்மையா, அல்லது சும்மா அடித்துவிடுகிறார்களா? (கோவை, கல்லூரி மாணவர்)

ப: உண்மைதான் தம்பி. இந்த வாரத்தின் நல்ல கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மேஜர் லீக், அதாவது அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக், அதன் பிளே-ஆஃபில் 18 இன்னிங்ஸ் வரை போன ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள். 2005-இல் ஹூஸ்டன், அட்லாண்டாவை வென்றது கிறிஸ் பர்க் அடித்த ஹோம்ரனில். 2014-இல் சான் ஃபிரான்சிஸ்கோ, வாஷிங்டனை 2-1 என்று வென்றது பிராண்டன் பெல்ட்டின் ஹோம்ரனில். 2018 வேர்ல்டு சீரிஸ் மூன்றாவது ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், பாஸ்டனை 3-2 என்று வென்றது மேக்ஸ் மன்சியின் ஹோம்ரனில், அது ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. 2022 நம்ம பேன்யா. 2025 வேர்ல்டு சீரிஸில் டாட்ஜர்ஸ், டொரான்டோவை 6-5 என்று வென்றது ஃப்ரெடி ஃப்ரீமன் ஹோம்ரனில். ஐந்துக்கு ஐந்து. சியாட்டில் ஆட்டத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் கிளீவ்லாந்தும் டாம்பா பேயும் 14 இன்னிங்ஸ் 0-0 என்று நின்றன. 15-ஆவதில் ஆஸ்கர் கொன்சாலெஸ் முதல் ஆளாக வந்து ஹோம்ரன் அடித்து முடித்துவைத்தார். அதுவும் 1-0தான்.

இது தற்செயல் இல்லை, இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. 2022-இல் மேஜர் லீக் முழுவதற்கும் பேட்டிங் சராசரி .243, அதாவது வாக் (நான்கு பந்து வெளியே போனால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம்) போன்றவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நூறு முயற்சிக்கு 24 ஹிட். பிளே-ஆஃபில், அதுவும் ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் புதுசாக, முழு வேகத்தோடு ஒரு பிட்சர் வந்து நின்றால் அது இன்னும் குறையும். பேச்சுக்கு ஐந்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி என்று கோத்துத்தான் ரன் எடுக்க வேண்டும் என்றால், மூன்று பேர் வரிசையாக ஹிட் அடிக்க வாய்ப்பு 125-இல் ஒன்று. ஆனால் ஹோம்ரனோ அந்த சீசனில் ஏறக்குறைய 35 பேட்டருக்கு ஒன்று விழுந்துகொண்டிருந்தது. வாக், டபுள் (ஒரே அடியில் இரண்டாவது பேஸை எட்டுவது), ஃபீல்டிங் தப்பு எல்லாம் சேர்த்தால் கணக்கு மாறும், கணக்கு வாத்தியார்கள் உடனே கடிதம் போட வேண்டாம். ஆனால் திசை புரிகிறதல்லவா? பந்துவீச்சு எவ்வளவுக்கு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அவ்வளவுக்குக் கூட்டு முயற்சி செத்துப்போகிறது, தனி ஒருவன் அடிக்கிற ஒரே அடி மட்டும்தான் மிச்சம் நிற்கிறது.

இது பேட்டர்களுக்கும் தெரியும். 12-ஆவது இன்னிங்ஸுக்கு மேல் பாருங்கள், யாரும் தட்டி வைத்து ஓட நினைப்பதில்லை, எல்லோரும் வேலியைப் பார்த்துத்தான் சுழற்றுகிறார்கள். அதனால் ஸ்ட்ரைக்அவுட்டும் கூடுகிறது, ரன்னும் வராமல் போகிறது, ஆட்டமும் நீளுகிறது. ஒருவனுக்குப் பட்டுவிட்டால் முடிந்தது. இன்னொரு பக்கம், பிட்சர் வரிசையில் நல்லவர்கள் எல்லாம் தீர்ந்துபோய், அடுத்த வரிசை வந்து நிற்கிற நேரமும் அதுதான்.

கே: ரன்னே கொடுக்காமல் வீசுகிறவரை 6 இன்னிங்ஸில் தூக்குகிறார்களே, என்ன நியாயம்? (சேலம் வாசகி)

ப: அம்மா, அமெரிக்காவிலேயே பாதிப் பேர் இதே கேள்வியைத்தான் கத்திக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அணிகள் சொல்கிற காரணம்: ஒரே பேட்டர் ஒரே பிட்சரை மூன்றாவது தடவை எதிர்கொள்ளும்போது நன்றாக அடிக்கிறார். முதல் தடவை பந்தின் பாதை தெரியாது, இரண்டாவதில் லேசாகப் பிடிபடும், மூன்றாவதில் கண் பழகிவிடும். பிட்சருக்கோ அதற்குள் கை சோர்ந்திருக்கும். பல வருஷத் தரவுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிற விஷயம் இது.

உதாரணம் வேண்டுமா? 2013 அக்டோபர் 15, டெட்ராய்ட். ஜஸ்டின் வெர்லாண்டர் பாஸ்டனை உருட்டி எடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் மைதானத்தில் கரண்ட் போய் 17 நிமிடம் ஆட்டம் நின்றது, அமெரிக்காவிலும் கரண்ட் போகும் என்று நமக்கு ஒரு ஆறுதல். ஏழாவது இன்னிங்ஸ், 0-0. மைக் நபோலி அன்றைக்கு மூன்றாவது தடவையாக வெர்லாண்டர் முன்னால் வந்து நின்றார். ஹோம்ரன். பாஸ்டன் 1-0. எட்டு இன்னிங்ஸ், 10 ஸ்ட்ரைக்அவுட், நாலே ஹிட், ஆனால் தோற்றவர் என்று ஏட்டில் பதிவானது வெர்லாண்டர் பெயர்.

அதனால் நிர்வாகிகள் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பார்க்கிற நமக்கு இழப்புதான். ஒருவரோடு ஒருவர் கடைசிவரை மல்லுக்கட்டுகிற ஆட்டம் இப்போது அநேகமாக இல்லை. அடுத்த கேள்வியில் அதற்குத்தான் வருகிறேன்.

கே: பழைய காலத்து 1-0 ஆட்டம் ஒன்று சொல்லுங்கள். நான் எழுபதைத் தாண்டியவன், பழைய கதைதான் பிடிக்கும். (புதுச்சேரி வாசகர்)

ப: ஐயா, உங்களுக்கென்றே ஒன்று வைத்திருக்கிறேன். 1949 அக்டோபர் 5, நியூயார்க், யாங்கி ஸ்டேடியம். வேர்ல்டு சீரிஸ் முதல் ஆட்டம். யாங்கீஸும் புரூக்ளின் டாட்ஜர்ஸும், ஒரே ஊருக்குள்ளேயே அக்கம்பக்கத்துச் சண்டை. 66,000 பேருக்கு மேல் கூட்டம்.

டாட்ஜர்ஸுக்கு வீசியவர் டான் நியூகம். கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளாத மேஜர் லீகின் நிறத்தடையை டாட்ஜர்ஸின் கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் உடைத்து இரண்டே வருஷம் ஆகியிருந்த நேரம். வேர்ல்டு சீரிஸ் ஆட்டம் ஒன்றைத் தொடங்கி வைத்த முதல் கறுப்பின பிட்சர் நியூகம்தான், அதுவும் தன் முதல் சீசனிலேயே. எதிரில் ஆலி ரெனால்ட்ஸ், ஓக்லஹோமாவிலிருந்து வந்த க்ரீக் பூர்வகுடியைச் சேர்ந்தவர். இருவரும் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை வீசினார்கள், மாற்று ஆள் என்ற பேச்சே இல்லை. ரெனால்ட்ஸ் கொடுத்தது இரண்டே ஹிட். நியூகம் 11 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், ஒருவருக்குக்கூட வாக் கொடுக்கவில்லை. எட்டு இன்னிங்ஸ் முடிந்து ஒன்பதாவதின் முதல் பாதியும் முடிந்தது, 0-0.

ஒன்பதாவதின் இரண்டாம் பாதியில் யாங்கீஸின் முதல் ஆள் டாமி ஹென்ரிக். வயது 36. முக்கியமான நேரத்தில் கைவிடாதவர் என்று பெயர் எடுத்தவர், அவருக்குப் பட்டப்பெயரே ‘நம்பகமான பழைய ஆள்’ என்பதுபோல ஒன்று. முதல் இரண்டு பந்தும் வெளியே போயின, விட்டுவிட்டார். மூன்றாவதை அடித்தார். ஹென்ரிக் இடது கை பேட்டர், அந்த மைதானத்தில் வலது மூலை வேலி வெறும் 296 அடியில், நடுவிலோ 461 அடி. பந்து வலது பக்கக் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. 1-0, ஆட்டம் முடிந்தது. வேர்ல்டு சீரிஸ் வரலாற்றில் ஒரு ஆட்டத்தை அந்த நொடியிலேயே முடித்துவைத்த முதல் ஹோம்ரன் அது. அதுவரை 45 தொடர்கள் நடந்திருந்தன, ஒருவரும் செய்ததில்லை.

எனக்கு இதில் பிடித்தது யாங்கீஸ் மேலாளர் கதை. கேசி ஸ்டெங்கல். அந்த வருஷம்தான் பொறுப்பேற்றிருந்தார். அவர் ஆட்டக்காரராக இருந்த 1923-இல், அதே யாங்கி ஸ்டேடியத்தில், வேர்ல்டு சீரிஸ் மூன்றாவது ஆட்டம், அப்போது நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியில் இருந்தார். 0-0 என்று போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸில் ஹோம்ரன் அடித்து யாங்கீஸை 1-0 என்று தோற்கடித்தவர் அவர். அடித்துவிட்டு பேஸ்களைச் சுற்றி ஓடும்போது யாங்கீஸ் ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்து மூக்கில் கட்டைவிரலை வைத்து விரலை ஆட்டிக் கிண்டல் வேறு. 26 வருஷம் கழித்து அதே மைதானத்தில், அதே 1-0, அதே ஹோம்ரன், இந்தத் தடவை யாங்கீஸ் பெஞ்சில் முதலாளி மாதிரி உட்கார்ந்து பார்க்கிறார்! அந்த 1949-இல் தொடங்கி வரிசையாக ஐந்து வருஷம் வேர்ல்டு சீரிஸ் ஜெயித்தார்.

அப்புறம் இன்னொன்று: அடுத்த நாள் இரண்டாவது ஆட்டமும் 1-0. அதில் ஜெயித்தது டாட்ஜர்ஸ். அதில் ஹோம்ரன் இல்லை, ஜாக்கி ராபின்சன் பேஸில் நிற்க, கில் ஹாட்ஜஸ் ஒரு ஹிட் அடித்து அவரை வீட்டுக்கு, அதாவது ரன் கணக்காகும் கடைசி பேஸுக்கு, வரவழைத்தார். ஆக, கோவைத் தம்பிக்குச் சொன்ன விதிக்கு நானே ஒரு விலக்கும் கொடுத்தாயிற்று.

கே: அப்படி ஹோம்ரன் கொடுத்துவிட்ட பிட்சர் என்ன ஆவார்? பாவமாக இருக்கிறது. (மதுரை வாசகி)

ப: பாவம்தான். நாள் முழுக்க நன்றாக வீசியிருந்தாலும் ஒரு பந்து கொஞ்சம் மேலே ஏறி நடுவில் நின்றுவிட்டால் அதுதான் தலைப்புச் செய்தி.

ஆனால் நியூகமைப் பாருங்கள். அந்த 1949-இலேயே சிறந்த புதுமுகம் விருது வாங்கினார். நடுவில் இரண்டு வருஷம் ராணுவத்துக்குப் போய் வந்தார். 1956-இல் 27 வெற்றி, 7 தோல்வி. சிறந்த பிட்சருக்கான சை யங் விருது முதன்முதலில் கொடுக்கப்பட்டதே அந்த வருஷம்தான், அதை வாங்கியவர் அவர். லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதும் அதே வருஷம் அவருக்கே. ஆனால் வேர்ல்டு சீரிஸில் மட்டும் கடைசிவரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை, நான்கு தோல்வி. குடிப்பழக்கத்தில் விழுந்து, அதிலிருந்து மீண்டு, பிறகு டாட்ஜர்ஸ் அமைப்பிலேயே இருந்துகொண்டு அதே பழக்கத்தில் தவித்த ஆட்டக்காரர்களுக்கு உதவினார். 2019-இல் 92 வயதில் காலமானார்.

2022-இல் கொன்சாலெஸுக்கு அந்த 15-ஆவது இன்னிங்ஸ் ஹோம்ரனைக் கொடுத்தவர் டாம்பா பே பிட்சர் கோரி க்ளூபர். அவர் இரண்டு தடவை சை யங் விருது வாங்கியது எந்த அணிக்காகத் தெரியுமா? அதே கிளீவ்லாந்துக்காக, அதே மைதானத்தில் ஆடி. விதிக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் அதிகம்.

கே: பேஸ்பாலில் டிராவே கிடையாதா? (தஞ்சாவூர் வாசகர்)

ப: ஜப்பானில் உண்டு. அங்கே லீக் ஆட்டங்கள் 12 இன்னிங்ஸ் வரை போய்ச் சமநிலையில் இருந்தால் டிரா, எல்லோரும் கடைசி ரயிலைப் பிடிக்கப் போகலாம். அமெரிக்காவில் கிடையாது. 2002-இல் ஆல்-ஸ்டார் காட்சி ஆட்டம் ஒன்று இரண்டு பக்கமும் பிட்சர்கள் தீர்ந்துபோய் 11 இன்னிங்ஸில் 7-7 என்று நிறுத்தப்பட்டபோது ரசிகர்கள் கூச்சல் போட்டுத் தீர்த்துவிட்டார்கள்.

2020 முதல் அங்கே ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். வழக்கமான லீக் ஆட்டம் 10-ஆவது இன்னிங்ஸுக்குப் போனால், பேட் செய்யும் அணிக்கு இரண்டாவது பேஸில் ஓர் ஆளைச் சும்மாவே நிறுத்திவிடுவார்கள். ஒரு ஹிட் போதும், அவன் ஓடி வந்துவிடுவான். ஆட்டம் சீக்கிரம் முடிகிறது. எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, உழைக்காமல் ஒருவன் பேஸில் நிற்பது என்ன நியாயம்? நல்ல வேளை, பிளே-ஆஃபில் இந்த விதி கிடையாது. இருந்திருந்தால் சியாட்டில் ஆட்டம் 11, 12-இலேயே முடிந்திருக்கும், நீங்களும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

கே: 18 இன்னிங்ஸ் நடந்தால் மைதானத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள்? (திண்டுக்கல் வாசகர்)

ப: திண்டுக்கல்காரர் கேட்க வேண்டிய கேள்விதான்! ஹாட் டாக் இருக்கும்வரை விற்பார்கள். பீர் விற்பனையை ஏழாவது இன்னிங்ஸ் வாக்கில் நிறுத்திவிடுவது பல மைதானங்களில் வழக்கம், ஆகவே மீதி 11 இன்னிங்ஸையும் தெளிவோடு பார்த்தாக வேண்டும். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லோரும் எழுந்து கை காலை நீட்டி ஒரு பாட்டுப் பாடுவார்கள். ஆட்டம் நீண்டால் 14-ஆவதிலும் மறுபடி அதே பாட்டு.

கே: எப்போதுமே ரன் இப்படிக் கஷ்டம்தானா? (ஈரோடு வாசகர்)

ப: ஏறி இறங்கும். 1968 பிட்சர்களின் வருஷம். பாப் கிப்சன் என்பவர் அந்த சீசனில் 9 இன்னிங்ஸுக்குக் கொடுத்த சராசரி 1.12 ரன். ஒரு லீகில் .301 சராசரி வைத்தவரே பேட்டிங் பட்டத்தை வாங்கிவிட்டார், வழக்கமாக அதற்கு இன்னும் நிறைய அடிக்க வேண்டும். பார்த்தார்கள் நிர்வாகிகள், அடுத்த வருஷமே பிட்சர் நின்று வீசும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்துவிட்டார்கள், ஸ்ட்ரைக் பகுதியையும் (எதற்குள் வந்தால் நல்ல பந்து என்று கணக்கோ, அந்த இடம்) சுருக்கினார்கள். ரன் திரும்பி வந்தது. பந்துவீச்சாளன் ஜெயித்தால் விதியை மாற்றுவது நம்ம ஊர் கிரிக்கெட்டுக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை.

கே: இந்தியர் யாராவது மேஜர் லீகில் ஆடியிருக்கிறார்களா? (சென்னை வாசகர்)

ப: பக்கத்தில் போனவர்கள் இருவர். உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறிதல் பையன்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல். வேகமாகப் பந்து எறிகிறவர்களைத் தேடி இந்தியாவில் நடத்திய ஒரு டி.வி. போட்டியில் தேர்வாகி, 2008-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள். கீழ்நிலை லீகுகளில் ஆடினார்கள், மேஜர் லீகை எட்டவில்லை. ரிங்கு பிறகு மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். ஐ.பி.எல்.லில் ஒரே ஓவரில் ஐந்து சிக்ஸர் அடித்த ரிங்கு சிங் வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கே: நீங்கள் சொல்வதைக் கேட்டால் ஒரு ஆட்டம் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. எதைக் கவனிப்பது? (நெய்வேலி வாசகர்)

ப: பந்தைத் துரத்தாதீர்கள், முதல் நாள் தலை சுற்றும். பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற கேட்சரின் கையுறையைப் பாருங்கள். பந்து வருவதற்கு முன்னால் அவர் அதை எங்கே காட்டுகிறார், பந்து கடைசியில் எங்கே வந்து சேருகிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் பிட்சர் ஃபார்மில் இருக்கிறார். கையுறை கீழ் மூலையில் காத்திருக்க, பந்து மேலே நடுவில் வந்தால், அடுத்த சில நிமிடத்துக்கு டீ போட எழுந்து போகாதீர்கள். திரையின் ஓரத்தில் 3-2 என்று காட்டினால், அதாவது மூன்று ‘பால்’ (வெளியே போன பந்து), இரண்டு ஸ்ட்ரைக், அப்போதும் எழாதீர்கள். அடுத்த பந்தும் வெளியே போனால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம், ஸ்ட்ரைக் ஆனால் அவுட், அதனால் பிட்சர் வேறு வழியில்லாமல் நடுப்பக்கம் வந்தாக வேண்டிய கட்டம் அது.

நேரம் பற்றிப் பயம் வேண்டாம். 2023 முதல் பிட்சருக்குக் கடிகாரம் வைத்துவிட்டார்கள், பேஸில் ஆள் இல்லையென்றால் 15 விநாடிக்குள் வீச ஆரம்பித்துவிட வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த 9 இன்னிங்ஸ் ஆட்டம் அந்த வருஷமே சராசரியாக 2 மணி 40 நிமிடத்துக்கு வந்துவிட்டது. சீசன் மார்ச் கடைசி வாக்கில் தொடங்கும், பிளே-ஆஃப் அக்டோபரில். பெரும்பாலான ஆட்டங்கள் நமக்கு விடியற்காலை. நெய்வேலியில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறவராக இருந்தால், வீட்டுக்கு வந்து குளித்து உட்கார்ந்தால் ஏழாவது இன்னிங்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்.